மழைக்கு முன்னால் இறைத்த தண்ணீர்

என்னை இந்த வேலைக்கு அனுப்பியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எனக்குத் தமிழ் தெரியும், இட்லி பிடிக்கும், முடியாது என்று சொல்லத் தெரியாது. ஈப்போவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பது வருடமாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். 2018 ஜனவரியில் டீன் கூப்பிட்டார். "தமிழ்நாட்டில் வடலூர் பக்கம் ஒரு கல்லூரி, டேட்டா சயின்ஸில் இரண்டு வருட முதுகலைப் படிப்பு நடத்துகிறார்கள். கடைசி அரையாண்டுக்கு மாணவர்களை நம்மிடம் அனுப்ப ஆசைப்படுகிறார்கள். போய்ப் பார்த்து, சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். ஒரு வார்த்தை என்றவர் கையோடு ஏழு பக்கப் படிவத்தையும் நீட்டினார்.

கல்லூரியின் பெயரை எழுத மாட்டேன். நான் எழுதப் போவது என் தப்பை. அதற்கு அவர்கள் பெயர் எதற்கு?

திங்கட்கிழமை மத்தியானம், கல்லூரி அனுப்பிய கார் குள்ளஞ்சாவடிக் கடைத்தெருவில் வந்து நின்றது. ஓட்டுநர் ஏழுமலை பானெட்டைத் திறந்தார். உள்ளேயிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. "ரேடியேட்டர்மா. பத்து நிமிசம்" என்றார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியின் பஸ்ஸை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவ்வளவு அனுபவசாலி பத்து நிமிடம் என்றால் நம்பத்தானே தோன்றும்? நான் இரண்டு மசால் வடை, ஒரு டீ, பிறகு இன்னொரு வடை சாப்பிட்டு முடித்தேன். கார் அப்படியே நின்றது.

எங்கள் ஊரில் தே தாரேக் என்கிற டீயை நீட்டி இழுத்து ஆற்றுவதைப் பற்றி நாங்கள் ரொம்பப் பெருமையடித்துக்கொள்வோம். குள்ளஞ்சாவடி டீக்கடைக்காரர் அதே காரியத்தை யாருடனோ சண்டை போட்டுக்கொண்டே, டம்ளரைப் பார்க்காமல் செய்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பெருமையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஏழுமலை என்னை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நல்ல கூட்டம். எப்படியோ எனக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்த மறு நொடி, பக்கத்தில் நின்றிருந்த அம்மா ஒரு துணிப்பையை என் மடியில் வைத்து, "கொஞ்சம் வச்சிக்கம்மா" என்றார். நிற்பவர் சாமானை உட்கார்ந்தவர் வைத்துக்கொள்ள வேண்டும், அது அந்தப் பஸ்ஸின் சட்டம். சரி என்று வைத்துக்கொண்டேன். பை அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு கோழி தலையை நீட்டி என்னைப் பார்த்தது.

கோழியின் சொந்தக்காரரும் இன்னொரு பெண்மணியும் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பையன் இப்ப மைன்ஸ்ல இருக்கறான்."

"கான்ட்ராக்டா, பர்மனென்டா?"

"கான்ட்ராக்ட்டுதான்."

மற்றவர் 'ப்ச்' என்றார். பிறகு கோழிக்காரம்மா என்னைக் குனிந்து பார்த்தார். "நீங்க எங்கம்மா வேல செய்யறீங்க?" மலேசியாவில், பல்கலைக்கழகத்தில் என்றேன். மலேசியாவோ பல்கலைக்கழகமோ அவரை அசைக்கவில்லை. "பர்மனென்டா?" என்றார். ஆமாம் என்றதும்தான் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. கோழிப்பையை எடுத்துக்கொண்டு, "பாவம், நீங்க நல்லா உக்காருங்க" என்றார்.

நான் தங்கியது நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு விருந்தினர் விடுதி. அகலமான தெருக்கள், இருபுறமும் மரங்கள், வீடுகளுக்கெல்லாம் பிளாக் எண். அளவுகோல் வைத்து வரைந்த ஊர். எங்கள் ஈப்போவின் தாமான் குடியிருப்புகள்கூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஈப்போவும் மண்ணைத் தோண்டிப் பிழைத்த ஊர்தான். எங்கள் ஈயம் எப்போதோ தீர்ந்துபோய்க் குழிகளெல்லாம் குளமாகிவிட்டன. அங்கே இப்போது வாத்து மிதிபடகு விடுகிறோம். இங்கே இன்னும் தோண்டுகிறார்கள். ஊரே ஷிப்ட் கணக்கில்தான் சாப்பிடுகிறது, தூங்குகிறது, கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறது.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பரோட்டாவும் முந்திரி போட்ட குருமாவும். உப்புமாவில் முந்திரி, கேசரியில் முந்திரி, பொங்கலில் முந்திரி. ஈப்போவில் நாங்கள் முந்திரியை எண்ணிப் போடுவோம். இங்கே அள்ளிப் போடுகிறார்கள். எனக்கு இந்தக் கல்லூரியை அப்போதே பிடித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கல்லூரிக்குப் போனேன். வகுப்பறை பூட்டிக் கிடந்தது. துறைத்தலைவர் பேராசிரியர் கலியபெருமாள் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் பூங்கொத்தோடு நின்றிருந்தார். மெலிந்த, பதற்றமான, நல்ல மனிதர்.

"மாணவர்கள் எங்கே?"

"மூணு மணிக்குத்தாங்க மேடம் வகுப்பு."

"ஏன்?"

"பாதிப்பேரு பஸ்ட் ஷிப்ட் வேலைக்குப் போறவங்க. காலைல ஆறு மணிக்குப் போயி ரெண்டு மணிக்கு வெளிய வருவாங்க. அதுக்கப்புறம் பஸ் புடிச்சி வரணும் இல்லீங்களா?"

எனக்கு முன்கோபம் உண்டு. அதை நான் 'கண்டிப்பு' என்று சொல்லிக்கொள்வேன். படிவத்தில் 'நேர அட்டவணை' என்ற கட்டத்தில் சிவப்புப் பேனாவால் 'ஒழுங்கற்றது' என்று எழுதினேன். கலியபெருமாள் சார் அதை எட்டிப் பார்த்துவிட்டு, பூங்கொத்தை மேசைமேல் வைத்தார்.

மூன்று மணி வரை என்ன செய்வது? வடலூர் சபைக்குக் கூட்டிப் போனார். போன வாரம்தான் தைப்பூசம் முடிந்திருந்தது. எங்கள் ஊர்த் தைப்பூசத்தில் காவடியும் மேளமும் போடும் சத்தத்தில் மூன்று நாளைக்குக் காது அடைக்கும். இங்கே திரைகளை விலக்கி ஜோதியைக் காட்டுவார்களாம், பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவார்களாம். பக்கத்தில் தருமசாலையில் பந்தி நடந்தது. யார், எந்த ஊர், என்ன என்று ஒரு கேள்வி இல்லை, உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். இந்தியா வந்திறங்கியதிலிருந்து எல்லாரும் என் கொள்ளுத்தாத்தா எந்த ஊர் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது. அதைக் கேட்காமல் சாம்பார் ஊற்றிய முதல் ஆள் அந்தத் தருமசாலைக்காரர்தான். அவருக்காகவே இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மாணவர்கள் வந்தார்கள். டிபன் கேரியரும் தூசி படிந்த செருப்புமாக ஓடி வந்து உட்கார்ந்தார்கள். நான் கடைசி வரிசையில். தூங்கப் போகிறார்கள் பார், என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், பம்பு ரிப்பேராயி நின்னா ரிப்போர்ட்ல சைபர்னு வருது. தண்ணி இல்லாம நிறுத்தி வச்சாலும் சைபர்னுதான் வருது. ரெண்டு சைபரும் ஒண்ணாங்க சார்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்வியைக் கேட்கவைக்க ஈப்போவில் எனக்கு ஒரு முழு அரையாண்டு பிடிக்கும். அந்தப் பெண்ணின் பெயர் அமலா. சுரங்கத்தில் பம்பு செக்‌ஷன் அலுவலகத்தில் கான்ட்ராக்ட் வேலை. லாக் புக்கில் எழுதி வைப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். படிவத்தை எடுத்து, 'ஒழுங்கற்றது' என்பதை அடித்துவிட்டு 'மாணவர் நிலைக்கு ஏற்றது' என்று எழுதினேன்.

சாயங்காலம் ஏழுமலை, ரேடியேட்டரைச் சரிசெய்த குஷியில் இருந்தார். "ஊருக்கு வந்துட்டு மைன்ஸ் பாக்காம போவலாமா? ஷிப்ட் மாறும்போது பாக்கணும்மா. புதன்கிழமை நைட் ஷிப்ட் வுடறதுக்கு முன்ன, அஞ்சு மணிக்கு வண்டி எடுத்துக்கினு வரேன். ரெடியா இருங்க" என்றார். சரி என்றேன்.

புதன்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்குக் குளித்து, சேலை கட்டி, விடுதிப் படியில் உட்கார்ந்தேன். அஞ்சரை. ஆறு. கார் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. நெய்வேலிக் கொசுக்கள் மட்டும் நேரம் தவறாமல் வந்திருந்தன. எங்கோ சங்கு ஊதியது, பஸ்கள் போயின, ஷிப்ட் மாறியே விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றத் தெரியாத ஜனங்கள், என்று முழு ஊரையும் சேர்த்துத் திட்டினேன். தூக்கமும் போய்விட்டது. அன்று மாலை வாய்மொழித் தேர்வுக்கு வைத்திருந்த மாணவர்களின் ஆய்வறிக்கைகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

அமலாவின் அறிக்கைதான் முதலில். மழை பெய்தால் சுரங்கக் குழியிலிருந்து எவ்வளவு தண்ணீரை இறைத்து வெளியேற்ற வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது. நல்ல தலைப்பு. மழைக் கணக்கு கல்லூரி மொட்டைமாடியில் இருக்கும் தானியங்கி மழைமானியிலிருந்து, தண்ணீர்க் கணக்கு சுரங்க லாக் புக்கிலிருந்து, அதிகாரியின் அனுமதிக் கடிதத்தோடு. பக்கத்தைப் புரட்டினேன். வரைபடத்தைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமழை. ஆனால் சனிக்கிழமையே பம்புகள் எல்லாம் முழு மூச்சில் ஓடியிருக்கின்றன. மழை பெய்வதற்கு முன்னாலேயே தண்ணீரை இறைத்துவிட்டார்கள்! ஒரு இடத்தில் என்றால் எழுத்துப் பிழை. அப்படி மூன்று மழை. மற்ற இடங்களில் இருக்கக் கூடாதே என்ற ஆசையோடு தேடினேன், இருந்தது. முப்பது வருடத்தில் கைச்சரக்குக் கணக்குகளை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அவசரத்தில் இட்டுக்கட்டுபவர்கள் இப்படித்தான் காரியத்தை முன்னாலும் காரணத்தைப் பின்னாலும் வைத்துவிடுவார்கள்.

வாய்மொழித் தேர்வில் வகுப்பே உட்கார்ந்திருந்தது. ஒழுங்காக நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். கொசுக்கடி, தூக்கமின்மை, வராத கார் எல்லாம் சேர்ந்து என் வாயில் உட்கார்ந்திருந்தன.

"அமலா, உங்கள் சுரங்கத்தில் மழை வருவதற்கு முன்னாலேயே தண்ணீர் வந்துவிடுமா?"

சிலர் சிரித்தார்கள். அவள் வரைபடத்தைப் பார்த்தாள். "லாக் புக்குல இருக்கறத அப்பிடியேதான் போட்டேன் மேடம்."

"அந்த லாக் புக்கைக் காட்ட முடியுமா?"

"வெளிய எடுத்துக்கினு வர வுட மாட்டாங்க மேடம்."

"ஆக, யாராலும் சரிபார்க்க முடியாது. வசதிதான். இது லாக் புக் கணக்கு இல்லை, உங்கள் கைச்சரக்கு."

சிரிப்பு நின்றது. அவள் அறிக்கையை மூடினாள். கண்ணில் தண்ணீர் முட்ட, திரும்பிப் போய் உட்கார்ந்தாள். கலியபெருமாள் சார் என் பின்னாலேயே வெளியே வந்து, "மேடம், பொய்க் கணக்குன்னு ஆச்சுன்னா எங்க விதிப்படி பொண்ண படிப்பவுட்டே எடுக்கணும். நல்லா பாத்துட்டீங்களா?" என்று கேட்டார். நன்றாகப் பார்த்துவிட்டேன் என்றேன். அன்று மாலையே டீனுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: 'ஒரு மாணவி தரவை இட்டுக்கட்டியிருக்கிறார். துறையும் கவனிக்கவில்லை. வேண்டாம் என்பதே என் கருத்து.' அவள் பெயரையும் போட்டேன். அதைவிடக் கேவலம், அனுப்பிய பிறகு நிம்மதியாக இரண்டு தோசை சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தது. அடித்துப் புரண்டு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். ஏழுமலை, நெற்றி நிறைய விபூதியோடு, சிரித்த முகமாகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா, இன்னும் ரெடியாவலியா?"

நான் படியிறங்கிப் போய்க் கொட்டித் தீர்த்தேன். நேற்று ஒரு மணி நேரம் கொசுவுக்கு ரத்ததானம் செய்தேன், போனையும் எடுக்கவில்லை, ஒரு நாள் கழித்து வந்து ரெடியாவலியா என்றால் என்ன அர்த்தம்?

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னை உண்மையான குழப்பத்தோடு பார்த்தார். "நேத்து எதுக்கும்மா வந்தீங்க? புதன்கிழமை நைட் ஷிப்ட் வுடறதுக்கு முன்னன்னுதான சொன்னேன்?"

"இன்றைக்கு வியாழன்!"

"அது ஆறு மணிக்கு மேலம்மா. நைட் ஷிப்ட் இன்னும் வுடவே இல்லியே. புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஏறனவன் காலைல ஆறு மணிக்கு எறங்கறான். அவன் எறங்கற வரைக்கும் புதன்கிழமைதான். நான் முப்பது வருசம் அப்பிடித்தான் பஸ் ஓட்டனேன். கையெழுத்தும் அந்தத் தேதிலதான் போடுவோம்."

மனிதர் இன்னும் ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை. சனிக்கிழமை பம்பு. அந்த மழை எத்தனை மணிக்குப் பெய்தது? நான் அதைப் பார்க்கவே இல்லை. மாடியில் என் அறைக்கு ஓடி, அமலாவின் அறிக்கையில் கடைசியாக இணைத்திருந்த மழைமானியின் மணிவாரிக் கணக்கைப் புரட்டினேன். முதல் மழை ராத்திரி ஒரு மணிக்கு. அடுத்தது இரண்டரை. மூன்றாவது, மூன்று மணிக்கு. மூன்றுமே நடுராத்திரி தாண்டியும் விடியாத நேரம். மழைமானிக்கு அது ஞாயிறு. சுரங்கத்துக்கு இன்னும் சனிக்கிழமை.

"ஏழுமலை அண்ணே, பம்பு செக்‌ஷன் ஆட்கள் எங்கே இறங்குவார்கள்?"

"மைன்ஸ் கேட்டாண்டதான். ஏறுங்க."

போகிற வழியில் அவர் கனரக இயந்திரங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். பல்லுள்ள பெரிய சக்கரம் சுற்றிச் சுற்றி மண்ணை வாரி எடுக்குமாம், அதன் ஒரு வாளியில் நாங்கள் போன காரே உட்காரலாமாம். தூரத்தில் அந்தப் பள்ளம் விளக்குகளோடு தெரிந்தது, அடுத்த கரை கண்ணுக்கு எட்டவில்லை. இதைப் பார்க்கத்தான் ஒரு நாள் முழுக்க எரிச்சல்பட்டேன். இப்போது பார்க்க மனம் இல்லை.

கம்பெனி பஸ்கள் வந்து நின்றன. ஒரு கூட்டம் இறங்கியது, ஒரு கூட்டம் ஏறக் காத்திருந்தது. அமலா மூன்றாவது பஸ்ஸிலிருந்து டிபன் கேரியரோடு இறங்கினாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு முட்டிவலி, அவளுக்கு இருபத்து மூன்று வயது. "அமலா! ஒரே ஒரு கேள்வி! உங்கள் லாக் புக்கில் தேதி எப்போது மாறும்?"

நின்றாள். "காலைல ஆறு மணிக்கு, பஸ்ட் ஷிப்ட்ல மாறும் மேடம்."

"ராத்திரி ரெண்டு மணிக்குப் பெய்கிற மழைக்கு ஓடிய பம்பை எந்தத் தேதியில் எழுதுவீர்கள்?"

"முந்தின நாள்லதான். நைட் ஷிப்ட் முந்தின நா..." அப்படியே நிறுத்தினாள். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. டிபன் கேரியரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ! மேடம்! மழைமானிக்கு ராத்திரி பன்னெண்டுக்கே தேதி மாறிடும்ல!"

"அதைத்தான் சொல்கிறேன்."

"இது எப்பிடி எனக்குத் தோணாம போச்சு? நேத்துலருந்து, நானே தப்பா டைப் பண்ணிட்டனோன்னு நெனச்சி..." அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. பிறந்ததிலிருந்து காலை ஆறு மணிக்கு நாள் மாறும் ஊரில் வளர்ந்த பெண். வேறு மாதிரி ஒரு நாள் இருக்கிறது என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கோ வேறு மாதிரி ஒரு நாள் இருக்கக்கூடும் என்பது தோன்றவில்லை. அவள் படிக்கிறவள். நான் சொல்லிக்கொடுக்கிறவள். சங்கு ஊதியது. "மூணு மணிக்கு வரேன் மேடம்" என்று கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் அறையில் எல்லாரும் கூடினார்கள். அமலா லாக் புக்கில் நள்ளிரவு தாண்டிய பம்புக் கணக்குகளை எல்லாம் அடுத்த நாள் தேதிக்கு நகர்த்தினாள். பொத்தானைத் தட்டினாள். கோடுகள் மறுபடி வரைந்துகொண்டன. மழை முதலில், தண்ணீர் பிறகு. மூன்று இடத்திலும். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். கலியபெருமாள் சார் விசிலடித்தவரைக் கண்டிக்காமல் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

நான் எழுந்து நின்றேன். எல்லார் முன்னாலும் திட்டினேன், அதனால் எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். "அமலா, உன் கணக்கில் பொய் இல்லை. உன் நாள் எப்போது தொடங்குகிறது என்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பழி போட்டேன். என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அவள் எழுந்து, "நீங்க காட்டுனது சரிதாங்க மேடம், வரைபடம் தப்பாத்தான் இருந்திச்சி. எந்த நாளுன்னு நான் எழுதி வச்சிருக்கணும்" என்றாள். அதையும் படிவத்தில் எழுதினேன்: எந்த ஆய்வானாலும் முதல் பக்கத்தில் கணக்கு எங்கிருந்து வந்தது, அதில் ஒரு நாள் என்றால் என்ன என்று எழுதியிருக்க வேண்டும். நான் வைத்த ஒரே நிபந்தனை அதுதான்.

டீனைப் போனில் பிடித்து எல்லாம் சொன்னேன். மனிதர் மலாயில் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "அப்படியானால் தேர்வில் தோற்றது நீங்கள்" என்றார். ஆமாம் என்றேன். "மாணவர்களை எடுக்கலாமா?" எடுக்கலாம், அந்தப் பெண்ணை முதலில், என்றேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை, புறப்படும் நேரத்தில் அமலா விடுதி வாசலில் நின்றிருந்தாள். வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறாள். என்ன என்று கேட்டால் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"மேடம், போற வழிதான். எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறீங்களா? புதன்கிழமை அழுதுகினே போயி எல்லாத்தையும் சொல்லிட்டேன். அதுலருந்து அம்மா எங்கிட்ட பேசல."

"நேற்று சரியாகிவிட்டது என்று சொல்லவில்லையா?"

"சொன்னேன். நம்பல. நான் தப்பிக்கப் பொய் சொல்றேன்னு நெனக்கறாங்க."

ஏழுமலை பின்கதவைத் திறந்தார்.

குள்ளஞ்சாவடியைத் தாண்டி ஒரு முந்திரித் தோப்புப் பக்கம் சின்ன ஓட்டு வீடு. அமலாவின் அம்மா வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் தோலைச் சுடும் கொட்டை ஓட்டு எண்ணெயில் கருத்திருந்தன. காரைப் பார்த்ததும் எழுந்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார்.

"நீங்கதான் மலேசியா மேடமா?"

"நான்தான்மா."

"எம்பொண்ணு பொய்க் கணக்கு எழுதுச்சின்னு சொன்னது நீங்கதான?"

"நான்தான். அவள் எழுதவில்லை. அவள் எழுதியது முழுக்க உண்மை. எனக்குத்தான் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை. தப்பு என்னுடையது."

அவர் கையிலிருந்த முந்திரியைக் கூடையில் போட்டார். சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்தார், கருப்பு போகவில்லை.

"நானு பத்து வயசுலருந்து கூலிக்குப் போறவ. பேர் எழுதத்தான் தெரியும். இது தலையில அடிச்சி சத்தியம் பண்ணுச்சி, நானு பொய் எழுதலம்மான்னு. நானு நம்பல. அவ்ளோ தூரத்துலருந்து வந்த படிச்சவங்க சொல்லிட்டாங்க, அது தப்பா இருக்குமான்னு, பெத்த பொண்ண நம்பாம உங்கள நம்பனேன். ரெண்டு நாளா நானும் துன்னல, அதுவும் துன்னல."

அது தப்பாக இருக்காது என்று நானும்தானே நம்பினேன். புதன்கிழமை தின்ற இரண்டு தோசை நினைவுக்கு வந்தது. "மன்னிச்சிக்கங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த அம்மா அப்போதுதான் மகள் பக்கம் திரும்பினார். மேலும் கீழும் பார்த்தார். கருத்த விரல் கன்னத்தில் படாமல், புறங்கையால் அவள் முகத்தைத் தடவினார்.

"கண்ணெல்லாம் உள்ள பூந்துடுச்சி பாரு. உள்ள வாடி. சோறு ஆக்கி வச்சிருக்கறேன்."

அமலா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள். அம்மா கைகள் இரண்டையும் அவள்மேல் படாமல் தூக்கிப் பிடித்தபடியே நின்று அழுதார். நான் காருக்குத் திரும்பலாமா என்று யோசித்தேன். வாசலிலேயே நின்றேன்.

இருவரும் உள்ளே போனார்கள். "மேடமும் வரட்டும்மா" என்று அமலாவின் குரல் கேட்டது. அம்மா மறுபடி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. இருக்க வேண்டிய கோபம்தான். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை என் பக்கம் நீட்டினார்.

"கை கழுவிக்கினு வாங்க" என்றார்.